உமறு கட்டிய மக்கா

“மக்காவில் நெல் விளையுமா, ஹஜ்ரத்?”

சீறாப்புராணப் பாடம் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் இக்கேள்வி எழுந்தே தீரும். நாட்டுப் படலம் முடிவதற்குள் யாரேனும் ஒரு மாணவர் கேட்டுவிடுவார். ஓரளவு அரபு ஓதியவராயின் கையோடு சான்றையும் கொண்டுவருவார். இப்றாஹீம் (அலை) அவர்கள் தம் மக்களைக் குடியமர்த்திய இடத்தைப் பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்று சொல்லி இறைவனிடம் கையேந்தியதைத் திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவ்விடத்திலோ உமறுப்புலவர் மேகத்தைத் திரட்டி மலைமேல் பொழிய விடுகிறார். வெள்ளம் திணை நிலங்களைத் தழுவி ஓடுகிறது. உழவர் ஏர் பூட்டுகிறார்கள். மகளிர் நாற்று நடுகிறார்கள். களத்தில் நெல் குவிகிறது. ஆலிம்களிடம் பொருள் கேட்டுப் பாடிய புலவர் இப்படிப் பாடலாமா என்பது வினா.

கேட்பவரை நான் கடிந்துகொள்வதில்லை. இருபத்திரண்டு வயதில் இதே வினாவை எழுப்பியவன் நான். எழுப்பியதோடு நில்லாமல், மதறஸா மாணவர் மன்றத்தில் அரைமணி நேரம் உமறுவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசிப் பாராட்டும் பெற்றவன். என் உஸ்தாத் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தபின் அருகில் அழைத்தார்.

“தம்பி, அந்த ஆயத்தைப் பாதியில் நிறுத்திவிட்டாய். மீதியையும் ஓது.”

ஓதினேன். பயிரற்ற பள்ளத்தாக்கு என்று சொன்ன அதே துஆவில், இம்மக்களுக்குக் கனிகளை உணவாக அளிக்கும்படியும் நபி இப்றாஹீம் (அலை) அவர்கள் வேண்டுகிறார்கள்.

“உமறுப்புலவர் அந்த துஆவுக்குத் தமிழில் ஆமீன் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளேன்” என்றார் உஸ்தாத். எனக்கு அப்போது அது சமாதானமாகத்தான் பட்டது; விடையாகப் படவில்லை. முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார் போலும். மறுவாரம் ஏதோ ஒரு கிதாபு வாங்கிவர வேண்டுமென்று கீழக்கரைக்கு அனுப்பினார். “அங்கே பழைய ஜும்ஆப் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழு. தொழுதபின் உடனே எழுந்து வந்துவிடாதே. தூண்களைப் பார்” என்பது கட்டளை.

பார்த்தேன். வள்ளல் சீதக்காதியின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் பள்ளி அது. முழுக்கல்லில் வடித்த தூண்கள், அவற்றின்மேல் பொதிகைகள், அவற்றைத் தழுவிய கல் உத்தரங்கள். மதுரையில் பிறந்தவனுக்கு அவை புதியவை அல்ல. நம் ஊர்க் கோயில் மண்டபங்களின் வெளிப்புறத்தில் பார்த்துப் பழகிய அதே வேலைப்பாடு, அதே கல்தச்சு மரபு. ஆனால் ஓர் உருவமும் இல்லை. யாளியும் பாவையும் நிற்கவேண்டிய இடங்களில் பூவும் கொடியும் தாமரை வட்டமும் நின்றன. கல் அதே கல், உளி அதே உளி. எதை விடவேண்டும் என்பதை மட்டும் கட்டுவித்தவர் சொல்லியிருக்கிறார். எப்படிச் செதுக்குவது என்பதைத் தச்சனுக்கு விட்டிருக்கிறார். கிப்லாவை நோக்கிய அந்தக் கட்டடத்தில் அந்நியமாக ஒன்றுமே எனக்குத் தோன்றவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போதுதான் நகரப் படலம் எனக்கு வேறுவிதமாகப் படிக்கத் தொடங்கியது.

இனி நூலுக்கு வருவோம். சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களும் 5,027 விருத்தங்களும் உடையது. உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரின் மாணவர். சீதக்காதி வேண்டுகோள் விடுக்க, நூலைப் பாட முற்பட்டு, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் பாடினார். சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் பொருள் கேட்கச் சென்றபோது புலவரின் கோலத்தைக் கண்டு அவர்கள் முதலில் மறுத்ததும், பிறகு இணங்கியதுமாகிய வரலாறு நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் கதையாகவே ஆகிவிட்டது. அக்கதையை நாம் பக்திக்காக நினைவு வைத்திருக்கிறோம். ஓர் எழுத்தாளனின் வாழ்க்கையாக அதைப் படித்தால் தெரிவது வேறு: எட்டயபுரத்திலிருந்து கீழக்கரை, கீழக்கரையிலிருந்து பரங்கிப்பேட்டை என்று இம்மனிதர் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். ஓர் அரண்மனையூர், இரண்டு துறைமுகங்கள். முன்னது கவிதைக் கல்வியைத் தந்தது. பின்னவை கடல் கடந்து போய்வந்தவர்களின் பேச்சைத் தந்தன.

எட்டயபுரத்தைப் பார்த்தவர்கள் மற்றொன்றையும் அறிவார்கள். அது கரிசல் சீமை. வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும்தான் அந்த மண்ணின் அடையாளங்கள். எனவே ‘மக்காவில் நெல் விளையுமா’ என்ற கேள்வியை இன்னும் சற்று நீட்டி, ‘எட்டயபுரத்தில் மட்டும் உமறு பாடியபடி விளைந்ததா’ என்று கேட்டிருக்க வேண்டும். வெள்ளம் பாய்ந்தோடும் அந்த மருதநிலம் புலவரின் வாசலில் இருந்ததன்று. கம்பர் உள்ளிட்ட முன்னோரின் காப்பியங்களிலிருந்து அதை எடுத்தார் என்று ஆய்வாளர் சொல்லுவர், உண்மைதான். ஆயினும் கரிசல்காட்டில் வளர்ந்த ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தொடங்கும்போது முதலில் மழையைப் பெய்விக்கிறார் என்றால், அதை வெறும் இலக்கண மரபென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வறண்ட நிலத்தான் ஒருவனுக்கு மேலான வாழ்த்து மழை தவிர வேறென்ன? உஸ்தாத் சொன்ன ஆமீன் எனக்கு இப்படித்தான் விளங்கிற்று. விளங்கப் பத்தாண்டு பிடித்தது.

இதனால் உமறு சொன்னதெல்லாம் கண்டு சொன்னவை என்று வாதாட வரவில்லை. நகரப் படலத்தின் பல பாடல்களில் மாடங்கள் வானளாவுவதும் கொடிகள் ஆடுவதும் ஏட்டிலிருந்து ஏட்டுக்கு வந்தவைதாம். அவற்றைப் படிக்கையில் செவி மகிழ்கிறது, கண்ணுக்கு வேலையில்லை. ஆனால் சுரத்திற் புனலழைத்த படலத்துக்கு வந்து பாருங்கள். ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட வணிகக் கூட்டம் கொடும் பாலையில் நீரின்றித் தவிக்கும் இடம். அங்கே புலவரின் சொல்லில் சூடு ஏறுகிறது. தமிழ் மரபின் பாலைத்திணை அவருக்கு ஏடாக உதவியது மெய்யே. எனினும் ஏட்டுக்குப் பின்னால், கரிசல் வெடித்துக் கிடக்கும் சித்திரை வெயிலும், சரக்கோடு புறப்பட்டுக் கரை திரும்பாதவர்களைப் பற்றித் துறைமுகத் திண்ணைகளில் நடக்கும் பேச்சும் நிற்பதாகவே எனக்குப் படுகிறது. மணம்புரி படலத்தில் மணமகன் ஊர்வலம் தெருவில் வர, மகளிர் கூடிக் காணும் காட்சியும் அப்படியே. உலா இலக்கியத்தின் பழைய உத்திதான் அது. ஆனால் நம் ஊர்களில் மாப்பிள்ளை ஊர்வலம் போகும்போது மாடிச் சாளரங்கள் ஒவ்வொன்றாய்த் திறப்பதைப் பார்த்தவர்க்கு அந்தத் தெரு எந்தத் தெரு என்று சொல்லவேண்டியதில்லை.

அரபு நாட்டைத் தமிழ் நாடாகவே உமறு காண்கிறார் என்பதை நம் அறிஞர்கள் முன்பே எடுத்துக்காட்டியுள்ளனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக விளங்கிய ம.மு. உவைஸ் அவர்கள் இத்துறைக்குச் செய்த தொண்டு சிறிதன்று. நான் கூட்ட விரும்புவது ஒன்றுதான். ‘தமிழ்ப்படுத்தினார்’ என்று சொல்லி முடித்துவிட்டால் அது மொழிபெயர்ப்பாளன் வேலைபோல் ஆகிறது. அவர் செய்தது கட்டட வேலை. காணாத ஊருக்குக் கண்ட ஊரின் கல்லைக்கொண்டு சுவர் எழுப்பினார்.

ஒரு நகரத்தை இன்னொரு நகரத்தின் சாயலில் எழுப்புவது புலவர்க்கு மட்டும் உரிய ஆசையன்று. நம் மதுரையிலேயே அது நடந்திருக்கிறது. தாஞ்சியரிலிருந்து 1325இல் புறப்பட்ட இப்னு பதூதா, மாலத்தீவும் இலங்கையும் கண்டு, 1344ஐ ஒட்டி நம் கரையில் ஒதுங்கி மதுரைக்கு வந்தார். விரிந்த தெருக்களையுடைய பெருநகர் என்று இதைக் குறிக்கிறார். இதைத் தலைநகராக்கிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா, டில்லியைப் போலவே இதை அமைத்தார் என்றும் எழுதுகிறார். அஹ்ஸன் ஷா அவருடைய மாமனார். ஆகையால் புகழ்ச்சி சற்றுக் கூடியிருக்கலாம் என்று கழித்துக்கொள்க. டில்லியின்மீது ஏங்கிய ஒருவர் வைகைக் கரையில் டில்லியை வரைந்து பார்த்திருக்கிறார் என்பது மட்டும் தெளிவு. அந்த அரசு 1370களில் விசயநகரப் படைகளால் முடிந்தது.

இப்னு பதூதாவிடம் நம் எழுத்தாளர் கற்கவேண்டியது வேறொன்றும் உண்டு. அவர் இங்கு வந்தபோது ஆண்டுகொண்டிருந்தவர் கியாதுத்தீன் தாமகானி. அஹ்ஸன் ஷாவின் மற்றொரு மகளை மணந்தவர்; அதாவது பதூதாவுக்குச் சகலர், விருந்தளித்தவர். சிறைப்பட்ட மக்களைப் பெண்டிர் குழந்தைகள் என்றும் பாராது அவர் கொல்வித்ததைப் பதூதா மறைக்கவில்லை. இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசரிடமும் கண்டதில்லையென்றும், அதனாலேயே அல்லாஹ் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதிவைத்தார். உண்ட வீட்டின் உப்பும் உறவும் அவர் கண்ணைக் கட்டவில்லை. அவருடைய நூலின் முழுப்பெயர் ‘துஹ்ஃபத்துன் நுள்ளார் ஃபீ கராயிபில் அம்ஸார் வ அஜாயிபில் அஸ்ஃபார்’. நகரங்களின் புதுமைகளையும் பயணங்களின் விந்தைகளையும் பற்றிக் காண்போர்க்கு அளிக்கும் காணிக்கை என்பது பொருள். படிப்போர்க்கு என்று சொல்லவில்லை, காண்போர்க்கு என்கிறது. நகரும் பயணமும் காட்சியும் ஒரே தலைப்பில் அமர்ந்திருக்கின்றன.

அரபியர் நம் கரைக்கு இட்ட பெயர் ‘மஅபர்’. கடக்கும் இடம், துறை என்பது பொருள். அதே வேர்ச்சொல்லிலிருந்துதான் ‘இபாரத்’ என்னும் சொல் பிறக்கிறது. எண்ணத்தை மொழியில் வெளியிடுவது. படிப்பினை என்று பொருள்படும் ‘இப்ரத்’தும், கனவுக்குப் பொருள் கூறும் ‘தஃபீர்’உம் அவ்வேரின் கிளைகளே. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடந்தாலன்றிச் சொல் பிறவாது என்று அம்மொழியின் இலக்கணமே சொல்வதுபோல் இருக்கிறது. (சொல்லாராய்ச்சி எனக்குள்ள பழைய நோய். பொறுத்தருள்க.)

நோய் என்று சொன்னபின் இன்னும் ஒரு வேளை மருந்து. அரபு யாப்பிலக்கணத்தில் செய்யுளுக்குப் பெயர் ‘பைத்’, அதாவது வீடு அல்லது கூடாரம். செய்யுளின் பாதிக்குப் பெயர் ‘மிஸ்ராஃ’, இரட்டைக் கதவின் ஒரு பலகை. அசைகளுக்கு ‘ஸபப்’ என்றும் ‘வதத்’ என்றும் பெயர். கூடாரத்தின் கயிறும் முளையும். கவிதையைக் கட்டடமாகக் கண்ட இந்த இலக்கணத்தை வகுத்தவர் 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத். செம்பு கொட்டும் கன்னார் கடைவீதியில் நடந்து செல்கையில் சம்மட்டி விழும் ஓசையின் ஒழுங்கைக் கேட்டே அவருக்குச் சந்தங்களின் கணக்கு உதித்தது என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. வரலாறோ கதையோ, பஸராவின் அறிஞர் உலகம் அதை நம்பிச் சொல்லி வந்ததே போதும். யாப்பு நூலகத்தில் பிறந்ததாக அவர்கள் சொல்லவில்லை. தெருவில் பிறந்ததாகச் சொன்னார்கள்.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே நம் ஊரில் ஒருவர் கடைவீதியில் நடந்திருக்கிறார். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை அறிவுறுத்த எழுந்த பாட்டு. அதற்குப் போய் இத்தனை கடை ஏன், இத்தனை கூட்டம் ஏன் என்று இளமையில் வியந்திருக்கிறேன். ஆறு கிடப்பதுபோன்ற தெருக்களில் அவர் பகலில் நுழைகிறார். நாளங்காடி, அல்லங்காடி, நள்ளிரவுக் காவல், விடியல் என்று முழுநாளும் நடக்கிறார். சங்கு அறுத்து வளை செய்வோர், மணி துளையிடுவோர், பொன் வேலை செய்வோர், துணி விற்போர், செம்பு நிறுத்துக் கொள்வோர் என எல்லோரையும் நின்று பார்க்கிறார். பஸராவின் கன்னாரும் மதுரையின் செம்பு நிறுப்போரும் இருவேறு காலத்தவர். இருவரையும் கவனித்த காது ஒன்றுபோலவே இருந்திருக்கிறது.

இன்றும் மதுரை பார்ப்பவனுக்கு வஞ்சனை செய்வதில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரால் தெருக்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி நிற்கின்றன. 1840களில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடம் வெளிவீதிகளாயிற்று. வாசல் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நம் மக்கள் ‘தெற்குவாசல்’ என்றே சொல்கிறார்கள். 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளையும் குவிமாடத்தையும் அண்ணாந்து பார்ப்பவர், மன்னர் தம் கோயில் மரபோடு நம் கட்டடக் கலையையும் கூசாமல் கலந்துகொண்டதைக் காணலாம். கீழக்கரைப் பள்ளியில் நடந்ததன் மறுபக்கம் அது. இரண்டும் ஒரே நூற்றாண்டின் பேச்சு. உமறு பிறந்ததும் அந்நூற்றாண்டிலேதான். புதுமண்டபத்தின் கற்சிலைகளுக்கிடையே அண்மைக் காலம்வரை தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தையற்காரரில் நம்மவரும் பலர். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் பெயர்ந்தபின் அந்த ஓசையும் பெயர்ந்துவிட்டது. அதைப் பற்றி நம்மவர் எழுதிய ஒரு கவிதை என் கண்ணில் படவில்லை.

இங்கேதான் என் மனக்குறை தொடங்குகிறது. ரபீஉல் அவ்வல் வந்தால் கவியரங்கங்களுக்குக் குறைவில்லை. தலைமை தாங்கும் பொல்லாப்பு சில வேளைகளில் எனக்கு வாய்க்கிறது. ஏழு பேர் பாடினால் ஏழிலும் பாலைமணல், ஒட்டகம், பேரீச்சை, பிறைநிலா. மணல் எப்படிப்பட்ட மணல் என்றால் தங்கமணல். ஒட்டகம் எப்படி நடக்கிறது என்றால் அசைந்து நடக்கிறது. நாள்காட்டிப் படத்தைத் தாண்டி ஒரு சொல்லும் நகராது. ‘மக்காவில் நெல் விளையுமா’ என்று உமறுவைக் கேட்கும் அதே தலைமுறை இது. உமறு கண்டதைக் கொண்டு காணாததைக் கட்டினார். இவர்கள் கண்டதை விட்டுவிட்டுக் காணாததின் படத்தை எடுத்து ஒட்டுகிறார்கள். இவர்கள் சொல்லும் பாலையில் தகவல் பிழை இல்லை. யாருக்கும் தாகமும் எடுப்பதில்லை.

சென்ற ஆண்டு, நான் குடியிருக்கும் திருநகரிலேயே வசிக்கும் ஓர் இளைஞர் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். உம்ரா சென்று திரும்பியிருந்தார். நாற்பது பக்கம், விருத்தத்தில். நல்ல ஓசை, இலக்கணம் கற்றவர். திருநகரில் பேருந்து நிறுத்தங்களுக்கு எண்தான் பெயர். இவர் மூன்றாம் நிறுத்தத்துக்காரர். வெளியூரார் நகைப்பார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது. படித்து முடித்தேன். நேரில் போய் வந்தவரின் நாற்பது பக்கத்திலும் அதே தங்கமணல், அதே நிலா.

“தம்பி, நீங்கள் அங்கே மணலில் நடந்தீர்களா?”

“இல்லை, ஹஜ்ரத். ஹரமில் எல்லாம் சலவைக்கல். உச்சி வெயிலிலும் கால் சுடவில்லை. கிரேக்க நாட்டுத் தாசோஸ் தீவிலிருந்து வந்த கல்லாம். எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம். இன்னொன்று, ஹஜ்ரத். மூன்றாம் நாள் அம்மாவின் செருப்பு தொலைந்துவிட்டது. வெளியே தளம் கொதிக்கிறது. யாரோ ஓர் ஆப்பிரிக்க அம்மையார், மொழி தெரியாது, தம் செருப்பைக் கழற்றி அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அம்மா அதை இன்னும் போடவில்லை. வீட்டில் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.”

“இது எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது?”

அவர் விழித்தார். “இதையெல்லாம் எப்படி ஹஜ்ரத் கவிதையில்…?”

எப்படி என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. என் உஸ்தாத் என்னை அனுப்பியதுபோல் கீழக்கரைக்குப் போய் வரச் சொன்னேன். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் சொல்வதை அவரும் மேடைகளில் பேசியிருக்கிறார். ஆனால் பார்ப்பது என்றால் பிறர் அழிவைப் பார்த்துப் பாடம் படிப்பது மட்டுமே என்று எண்ணியிருந்தார் போலும். திருப்பரங்குன்றப் பாறையின்மேல் மாலை வெயில் விழுவதையும், காஜிமார் தெருவில் ஜும்ஆ விட்டதும் கூட்டம் தெருவெங்கும் பெருகுவதையும் அல்லாஹ் நம் கண்ணுக்குத்தான் காட்டுகிறான். அதை எழுதுவது மார்க்கத்துக்கு வெளியே போவது என்ற அச்சம் எப்போது நம் பிள்ளைகளுக்குள் புகுந்ததென்று நான் வருந்துவதுண்டு. உமறுவுக்கு அவ்வச்சம் இல்லை. ஆலிம்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். தெருவிடம் கேட்க வேண்டியதைத் தெருவிடம் கேட்டார்.

இளைஞர் நாற்பது பக்கத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். வருத்தத்தோடுதான் போனார் என்று நினைக்கிறேன். பல மாதங்கள் தெருவில் கண்டால் ஸலாம் மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவார். போன வாரம் ஒற்றைத்தாள் ஒன்று என் வீட்டுக்கு வந்தது. எட்டுப் பாட்டு. செருப்பில் தொடங்குகிறது. முதற்பாட்டிலேயே கல்லின் குளிர்ச்சி வந்துவிடுகிறது. மணல் எங்கும் இல்லை. ஐந்தாம் பாட்டின் மூன்றாம் அடியில் சீர் குறைகிறது. அதைச் சரிசெய்து அனுப்பச் சொல்லி, தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.